கடற்பசுவுக்கு வெளிச்சம் பிடித்தது

இதை எழுதுவதற்கு நான் ஏற்ற ஆள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. வயர் இழுக்கவும் பல்ப் மாட்டவும் தெரியும்; வசனம் எழுதிப் பழக்கம் இல்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இப்போது பக்கத்துப் பங்குக் கோயில்களிலும் நாங்கள் செய்த இருட்டுப் பொம்மை நாடகத்தைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். ஆயத்தம் செய்கிறவர்கள் என்னைத் தேடி வந்து, "அண்ணை, எந்த லைட் நல்லம்?" என்று கேட்கிறார்கள். "கறுப்புக் கண்ணாடி ரியூப்பைப் போடுங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வருவதில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் பள்ளிமுனையில் கோயில் பெருநாள் என்றால் சோடனை லைட் என் வேலை. கோபுரத்தில் ஏறி மாலை மாலையாகப் பல்ப் தொங்கவிடுவேன். எவ்வளவு வெளிச்சம் கூடுகிறதோ அவ்வளவு சந்தோசம் எல்லோருக்கும். அந்த வருஷம் பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்புக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "எனக்குக் கோயில் மண்டபம் முழுக்க இருட்டு வேணும், அதுக்குள்ள ஒரு லைட்டும் வேணும்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொழும்பில் அவர் ஒரு பொம்மை நாடகம் பார்த்திருக்கிறார். மேடையில் ஒரு விசேஷமான லைட் எரியுமாம். அதன் வெளிச்சம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாதாம். ஆனால் அது பட்டால் சில நிறங்கள் மட்டும் தணல் மாதிரி மின்னுமாம். பொம்மையைத் தூக்குகிறவர்கள் தலையிலிருந்து கால்வரை கறுப்புப் போட்டுக்கொண்டு பின்னால் நிற்பார்களாம். பார்க்கிறவர்களுக்குப் பொம்மை மட்டும்தான் தெரியுமாம், ஆளே தெரியாதாம்.

"மறைக்கல்விப் பிள்ளைகளின்ர பரிசளிப்புக்கு இதைச் செய்வம். கடலடிக் கதை. வழி தவறிப்போன ஒரு கடற்பசுக் குட்டியைத் தாய் தேடுது" என்றார்.

பக்கத்தில் இளைஞர் மன்றத்துப் பெடியன்கள் மூன்று பேர் நின்றார்கள். பொம்மை தூக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். ஒருவன் சிரித்தான். "சிஸ்டர், எங்கட ஆக்கள் அதைக் கடற்பண்டி எண்டுதான் சொல்லுவினம். மேடையிலை பண்டி வருது எண்டு கத்தப் போறாங்கள்."

"அதுக்குத்தான் பசு எண்டு சொல்லுறன். கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும்" என்றார் சிஸ்டர்.

லைட் தேடத் தொடங்கினேன். மன்னார் பஸாரில் ஒரு கடைக்காரர் கள்ள நோட்டுப் பார்ப்பதற்கு வைத்திருந்த சின்ன லைட்டை இரவலாகத் தந்தார். உள்ளங்கை அளவுதான். மேடைக்கு உதவாது. ஆனால் எது மின்னும், எது மின்னாது என்று அதில்தான் படித்தேன். வீட்டுக் கதவுகளைச் சாத்திவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாகப் பார்த்துத் திரிந்தேன். வீதி வேலைக்காரர் போடும் பச்சை மஞ்சள் அங்கி நெருப்பாக எரிந்தது. தங்கூசி நூல், அதுதான் மீன் வலைக்குக் கட்டுகிற கண்ணாடி நூல், நீலமாக மின்னல் மாதிரி ஓடியது. பொம்மையைத் தங்கூசியில் தொங்கவிடலாம் என்று இருந்தோம். அந்த எண்ணத்தை விட்டு, கறுப்புத் தடியில் குத்தித் தூக்குவது என்று மாற்றினோம்.

என் மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். "ஊரிலை ஆக்கள் லைட்டைப் போட்டு இருட்டைக் கலைப்பினம். இந்த மனுசன் லைட்டைப் பிடிச்சுக்கொண்டு இருட்டைத் தேடுது" என்றாள். அப்போது லைட் என் பக்கம் திரும்பியது. என் பனியன் பால் மாதிரி ஒளிர்ந்தது. கொடியில் கிடந்த அவளுடைய சாம்பல் நிறப் பாவாடையும் மெல்லிய நீலமாகத் தெரிந்தது. புதிதாக வாங்கி இன்னும் தண்ணீர் படாத நிறத்துணி எதுவும் அப்படித் தெரியவில்லை.

"பவுடர்தான். வேறென்ன?" என்றாள் அவள்.

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர். கட்டிச் சவர்க்காரம் போட்டால் நுரைக்காது, திரிதிரியாகத் திரைந்துபோகும். அதனால் எல்லோர் வீட்டிலும் உடுப்புத் தோய்ப்பது சலவைப் பவுடரில்தான், அதுவும் கையள்ளிப் போட்டு. வெள்ளையைப் பளிச்சென்று காட்டுவதற்கு அந்தப் பவுடரில் ஏதோ சேர்க்கிறார்கள். அது துணியில் தங்கிவிடுகிறது. இந்த லைட் பட்டால் அது எழும்பி நிற்கிறது. இதை அன்றைக்கே நான் அறிந்துகொண்டேன்.

பிறகு கலியாண வீடுகளுக்கு லைட் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் ஊதா நிற எல்.ஈ.டி. ஒன்று எடுத்துவந்து மண்டபத்தில் போட்டுப் பார்த்தோம். நல்ல பலமான வெளிச்சம். பொம்மையும் மின்னியது. ஆனால் கூடவே மேடை முழுக்க ஊதாவாகி, பின்னால் நின்ற பெடியன்களின் மூக்கு முழி வரை தெரிந்தது.

"இது நாடகத்துக்குப் போடுற லைட் இல்லை அண்ணை, கள்ளன் பிடிக்கிற லைட்" என்றான் ஒருவன்.

இன்னொருவன் நண்டுக் கொம்பனியில் வேலை செய்கிறவன். தங்கள் தண்ணீர்த் தாங்கிக்குள் கிருமி கொல்ல ஒரு நீல ரியூப் எரிகிறது, அதைக் கேட்டு வாங்கலாமா என்று கேட்டான். அதை வேண்டாம் என்றேன். அந்த ரியூப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவருக்கு இரவெல்லாம் கண்ணில் மண் கொட்டினதுபோல் எரிந்ததை நான் அறிவேன். இதை வாசிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கிருமி கொல்லும் ரியூப்பைப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் போடக்கூடாது.

கடைசியில் சிஸ்டரே கொழும்பிலிருந்து கறுப்புக் கண்ணாடி ரியூப்புகள் எடுப்பித்தார். பார்வைக்குச் சாதாரண ரியூப் லைட்தான்; கண்ணாடி மட்டும் கரி பூசினதுபோல் இருக்கும். எங்கள் பழைய ரியூப் லைட் சட்டத்திலேயே கொழுவலாம். மேடையின் முன் விளிம்பில், நிலத்தில், வலது பக்கம் இரண்டும் இடது பக்கம் இரண்டுமாகக் கிடத்தினேன். சபையின் கண்ணில் படாமல் முன்னால் பலகை வைத்தேன். யன்னல்களுக்கு வெளிச்சம் வராமல் படங்குச் சீலை அடித்தேன். பின்னால் கறுப்பு வெல்வெற் தொங்கவிட்டேன். பெடியன்களுக்குப் புதுக் கறுப்பு ரீசேட்டும் கறுப்புக் களிசானும் வாங்கினோம். எல்லோருக்கும் கறுப்புக் கையுறையும் கண்ணுக்கு மட்டும் துளை விட்ட தலைமூடியும் தைப்பித்தோம்.

"ஒருக்காலும் தோய்ச்சுப்போடாதேங்கோ. புதுசாகவே கிடக்கட்டும்" என்று பெடியன்களுக்குச் சொன்னேன்.

ரியூப்பைப் போட்டோம். பெடியன்கள் கண்ணுக்கு இல்லாமலே போனார்கள். மேடைக்குக் கிட்ட வந்த சிஸ்டரின் வெள்ளை அங்கி மட்டும் இருட்டில் தனியாக மிதந்தது.

"சேசுவே, பேய்!" என்று ஒருவன் கத்தினான். அவன் சிரித்தபோது தலைமூடி விலகிப் பல் வரிசை மட்டும் அந்தரத்தில் தெரிந்தது. சிஸ்டர், "வாயை மூடும், அதுவும் மின்னுது" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை கொஞ்சமல்ல. கோபுரத்துக்குப் போட்ட எந்தச் சோடனைக்கும் அப்படி நான் சந்தோசப்பட்டதில்லை.

பொம்மைகளைத் தைத்தது எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு பெண். நான் அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். புருசன் நெஞ்சு நோவில் திடீரென்று செத்துப்போனார். ஒரு சின்ன மகள். புருசன் வீட்டில், மாமியாரோடு இருந்தார். எங்கள் பகுதியில் புருசன் செத்தால் ஒரு வருஷம் கறுப்பு உடுப்பு. கோயிலில் ஆண்டு நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுத்த பிறகுதான் வேறு நிறம். அதுவரை கலியாண வீடு, நாடகம், பாட்டு ஒன்றுக்கும் போகக்கூடாது. இப்போது சில வீடுகளில் இதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் பார்த்தார்கள். கோயில் வேலை என்றபடியால் மண்டபத்துக்கு வந்து தைப்பதற்கு மட்டும் மாமியார் விட்டிருந்தார்.

ஸ்பொஞ்சை வெட்டிப் பச்சை மஞ்சள் துணி போர்த்தி அவர் செய்த கடற்பசு உயிருள்ளது மாதிரி இருந்தது. தாய்ப் பசுவைத் தூக்குவதற்குப் பெடியன்களில் ஒருவன் பழகினான். அவன் கையில் அது வள்ளம் கவிழ்ந்ததுபோல் போயிற்று. தங்கச்சி பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பி, "தம்பி, அது நீந்துறது வாலாலை" என்று சொல்லித் தடியை வாங்கித் தூக்கிக் காட்டினார். அந்தப் பசு குனிந்து, புல்லுத் தின்று, குட்டியைக் காணாமல் திரும்பிப் பார்த்தது. பெடியன்கள் கையிலிருந்த பொம்மைகளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவர் எங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். புருசன் செத்த பிறகு அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல்.

"நீங்களே செய்யுங்கோவன்" என்றார் சிஸ்டர்.

தங்கச்சியின் முகம் வாடிவிட்டது. "வருஷம் திரும்பேல்லை சிஸ்டர். மாமி கண்டாவெண்டா இங்கை தைக்க வாறதும் நிண்டுபோம். இதுவும் இல்லாட்டி நான் அந்த அறைக்குள்ளைதான்."

"ஆரும் காணமாட்டினம். அதுதானே இந்த நாடகம்."

தங்கச்சி என் பக்கம் திரும்பினார். "மெய்யே அண்ணை? ஒண்டும் தெரியாதே?"

நான் தலையாட்டினேன். "ஒண்டும் தெரியாது தங்கச்சி."

அவருக்கு ரீசேட்டும் களிசானும் கொடுப்பது நடக்கிற காரியம் இல்லை. அதைப் பற்றிப் பேச்சும் எழவில்லை; கையுறையும் தலைமூடியும் மட்டும் புதிதாகக் கொடுத்தோம். சிஸ்டர் சொன்னார், "உங்களுக்கு உடுப்பே தேவையில்லை, நீங்கள் ஏற்கனவே கறுப்புத்தானே." எல்லோரும் ஓம் என்றார்கள். நானும் ஓம் என்றேன்.

அவர் பொழுதுபடுவதற்கு முன் வீட்டுக்குப் போய்விட வேண்டும்; அங்கே செபமாலை சொல்லுவார்கள். ஆகவே அவர் ஒத்திகை பார்த்ததெல்லாம் பகலில், யன்னல் திறந்த வெளிச்சத்தில். ரியூப் எரிந்தபோது அவர் மேடையில் நின்றதே இல்லை.

பரிசளிப்புக்கு இரண்டு நாள் இருக்கும். தங்கச்சி யன்னலோரம் இருந்து கடற்பசுவின் செட்டைக்கு நூல் போட்டுக்கொண்டிருந்தார். வெயில் அவருடைய தோளில் விழுந்தது. சட்டையின் கறுப்பு, தோளிலும் முழங்கையிலும் வெளிறிச் சாம்பலாகியிருந்தது. அவரிடம் அப்படி இரண்டு சோடிதான் இருந்திருக்க வேண்டும். ஒன்றைத் தோய்த்து மற்றதைப் போட்டு, பத்து மாதத்துக்கு மேலாக. எனக்குள் ஏதோ இடித்தது. என் பனியனும் மனைவியின் பாவாடையும் ஞாபகம் வந்தன.

செய்ய வேண்டியது ஒன்றுதான். படங்கை இழுத்துவிட்டு, ரியூப்பைப் போட்டு, "தங்கச்சி, இதிலை ஒருக்கா வந்து நில்லுங்கோ, பாப்பம்" என்று சொல்ல வேண்டும். ஆனால் மண்டபத்தில் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு கைம்பெண்ணை இருட்டாக்கின மண்டபத்தில் நிற்கவைத்து அவருடைய உடுப்பை நான் உற்றுப் பார்ப்பதா? யாராவது வந்தால் என்ன நினைப்பார்கள்? அவரே என்ன நினைப்பார்? நான் கிட்டப் போனேன். வாயைத் திறந்தேன்.

"என்ன அண்ணை?"

"தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

"ஓம், அப்பவே குடிச்சாச்சு."

நான் திரும்பி வந்து வயர்களைச் சரிபார்த்தேன். சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். மனைவியைக் கூட்டிவந்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று கேட்டால், கறுப்பு கறுப்புத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்பதுதான் பதில். உண்மையில், அந்தப் பேச்சை எடுக்கத் தேவையில்லாமல் போனால் போதும் என்று இருந்தது எனக்கு.

இன்னொரு ஏற்பாட்டையும் நான்தான் செய்தேன். எங்கள் பக்கம் கறண்ட் நம்பமுடியாதது. வோல்டேஜ் குறைந்தால் ஒரு பக்கத்து ரியூப் மட்டும் அணையும், திரும்ப வரும். அதனால் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன்: "ஒரு பக்கத்து ரியூப் நிண்டுபோனாப் பயப்படாதேங்கோ. எரியிற பக்கத்துக்கு வந்து செய்யுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மாலைத் திருப்பலி முடிய மண்டபம் நிறைந்துவிட்டது. தங்கச்சியின் மாமியாரும் வந்திருந்தார். பேத்திக்கு மறைக்கல்விப் பரிசு கிடைத்தது. அதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிற எண்ணத்தில் கறுப்புச் சேலையோடு ஒரு மர வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மருமகள் பின்னால் குசினியில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறார் என்று அவரிடம் சொல்லியிருந்தோம். பரிசு முடிந்ததும் அவர் எழும்பினார். பேத்தி விடவில்லை. "அப்பம்மா, மீன் பாத்திட்டுப் போவம்" என்று சேலையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்ப இருந்தார்.

நான் சுவரோரம் ஆளிப் பலகையடியில், அதுதான் சுவிச் போர்டடியில், நின்றேன். மண்டப லைட்டுகளை அணைத்தேன். பிள்ளைகள் கூவினார்கள். ரியூப்புகளைப் போட்டேன்.

முதலில் குடைபோல விரிந்து சுருங்கும் சொறிமுட்டைகள் வந்தன, பிறகு கிளிமீன்கள், பிறகு பக்கவாட்டில் ஓடுகிற ஒரு நண்டு. தூக்குகிறவர்களின் நிழல்கூட இல்லை. பிள்ளைகள் வாங்குகளில் ஏறி நின்றுவிட்டார்கள். ஒரு கிழவர், "அடேய், அந்த நண்டு அரைக் கிலோ வரும்" என்று கத்தினார். மண்டபம் சிரித்தது. பிறகு தாய்க் கடற்பசு வலது பக்கத்தால் வந்தது. அது தும்மினது மாதிரி மூஞ்சையை ஆட்ட, சனம் இன்னும் பலமாகச் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குள்ளேதான் நான் கண்டேன். கடற்பசுவுக்குப் பின்னால் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு சட்டை நின்றது. நீண்ட கை, தோள், இடுப்பு, பாவாடையின் மடிப்புகள், எல்லாம் தெரிந்தன. தலையும் கையும் மட்டும் இல்லை, ஏனென்றால் தலைமூடியும் கையுறையும் புதியவை. மூன்று பெடியன்களும் இருட்டில் கரைந்திருக்க, மேடையில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். யாரும் காணக்கூடாது என்று இருந்தவர்.

சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து குறைந்துகொண்டு வந்தது. அப்போது அந்தச் சின்னப்பிள்ளை சந்தோசமாகக் கத்தினாள்: "அம்மா! அப்பம்மா, அந்தா அம்மா!"

எனக்குப் பின்னால் ஒரு பெண் தன் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது கேட்டது: "பாரடி, துக்கம் மின்னுற மின்னலை."

என் கை தானாக ஆளிக்குப் போனது. வலது பக்கத்து ரியூப் இரண்டையும் அணைத்தேன். கடற்பசு மறைந்தது, சட்டையும் மறைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் தங்கச்சிக்கு என்ன தெரியும்? தலைமூடியின் துளையால் பார்த்தவருக்கு ரியூப் நின்றது மட்டும் தெரிந்திருக்கும். நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தார். தாய்ப் பசுவைத் தூக்கிக்கொண்டு, அது நீந்துகிற மாதிரியே இடுப்பை வளைத்து வளைத்து, எரிகிற பக்கத்துக்கு ஓடி வந்தார். பார்த்தவர்களுக்கு அது, தலையில்லாத ஒரு துக்கச் சட்டை மேடைக்குக் குறுக்கே ஆடிக்கொண்டு போனதாகவே தெரிந்தது. எல்லோருக்கும் கிட்ட வந்து, நடுவில் நின்று, குட்டியைக் கண்டு சுழன்றார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்களில் சிலரும் தட்டினார்கள். நான் எல்லா ரியூப்பையும் அணைத்துவிட்டேன். கதை அதோடு முடிகிறது என்றுதான் பலர் நினைத்தார்கள்.

மண்டப லைட்டைப் போட எனக்குத் துணிவில்லை. சிஸ்டர்தான் வந்து போட்டார். மேடைக்குப் பக்கத்து அறையில் தங்கச்சி தலைமூடியைக் கழற்றிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை, கண் இரண்டும் சிரித்தன. "அண்ணை, அந்த நேரம் பாத்துக் கறண்ட் நிண்டுது பாத்தியளே? நான் பயப்பிடேல்லை, நீங்கள் சொன்ன மாதிரியே மற்றப் பக்கம் வந்திட்டன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்டும் தெரியேல்லைத்தானே?"

பெடியன்கள் நிலத்தைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "தெரிஞ்சது தங்கச்சி."

"என்ன?"

"உங்கட சட்டை. பவுடரிலை தோய்ச்சது, அது மின்னும். எனக்குத் தெரியும். நான் பாத்திருக்க வேணும். கறண்டும் நிக்கேல்லை, நான்தான் அணைச்சனான்."

அவர் குனிந்து தன் சட்டைக் கையைப் பார்த்தார். அறை வெளிச்சத்தில் அது வெறும் வெளிறின கறுப்பு. விரலால் ஒருமுறை தடவினார். "மாமி நிண்டவவோ?" என்று மட்டும் கேட்டார். அதற்குள் மாமியாரே பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். ஏச்சு வரும் என்று நாங்கள் எல்லோரும் ஒதுங்கினோம். அவர் ஏசவில்லை. "வீட்டை வா பிள்ளை" என்றார். தங்கச்சி கையுறையோடேயே போனார். பின்னால் மகள், "அம்மா, திரும்பவும் செய்யுங்கோவன்" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

சாமான்களை அப்படியே போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையில் கூப்பிடாத வீட்டுக்கு நானாகப் போனது குறைவு. வேலிப் படலையில் நின்று இருமினேன். மாமியார் வெளியே வந்தார். இருக்கச் சொன்னார், நான் இருக்கவில்லை.

"அம்மா, பிழை என்னிலைதான். நான் போட்ட லைட். அவ ஆரும் காணாயினம் எண்டு நம்பித்தான் ஏறினவ. நான்தான் ஒண்டும் தெரியாது எண்டு சொன்னனான்."

"லைட்டை ஏன் தம்பி குற்றம் சொல்லுறீர்? குசினியிலை நிக்கிறா எண்டு எனக்குச் சொன்னது ஆர்?"

அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அவளோடை கோவிக்கேல்லை" என்றார். "அந்த மாடு மூஞ்சையை ஆட்டேக்கை நான் சிரிச்சுப்போட்டன், தம்பி. சத்தம் போட்டுச் சிரிச்சுப்போட்டன். என்ர மகன் செத்து வருஷம் திரும்பேல்லை, நான் நாலு சனத்துக்கு நடுவிலை பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தனான். அதுக்குப் பிறகுதான் இவள் எண்டு கண்டன். இனி ரெண்டு பேரும் மண்டபத்துப் பக்கம் வரமாட்டம். எனக்கும் அது வேண்டாம், அவளுக்கும் வேண்டாம். ஆண்டு முடியட்டும்."

"அவ தைக்கவாவது வரட்டும் அம்மா. அது கோயில் வேலை."

"வேண்டாம் தம்பி. நீர் போம்."

உள்ளே அறைக் கதவு சாத்தியிருந்தது. பேத்தி மட்டும் வாசலில் நின்று கடற்பசு மாதிரி மூஞ்சையை ஆட்டிக் காட்டினாள். மாமியார் அவளை உள்ளே இழுத்துக்கொண்டார்.

லைட் தெரிவு செய்வதைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்களுக்கு இவ்வளவும்தான் நான் சொல்ல இருந்தது. கறுப்புக் கண்ணாடி ரியூப் நல்லது. அதை வாங்கினால் போதாது. மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரையும், அவர்கள் அன்றைக்கு உடுக்கப் போகிற அதே உடுப்போடு, அந்த வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் வேறு யாரையாவது கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்த நாள் காலை மண்டபத்துக்குப் போய்ப் படங்குகளை அவிழ்த்தேன். ரியூப்புகளைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தங்கச்சியின் மகள் கையுறைகளைக் கொண்டுவந்து சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பின்னேரம், அடுத்தமுறை தங்கச்சி வரமாட்டார் என்றபடியால், இளைஞர் மன்றத்துப் பெடியன் ஒருவன் தாய்க் கடற்பசுவைத் தூக்கிப் பழகத் தொடங்கினான்.